செயலி காட்டும் பாதையில் யார் போகலாம்?

எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த குற்றங்களில் ஒன்று, எஸ்.சி., எஸ்.டி. மக்கள் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது. செருப்பு போடுவதை, புத்தாடை உடுத்துவதை, திருமண ஊர்வலம் போவதை, அந்த ஊர்வலத்தில் குதிரை ஏறுவதைத் தடுப்பதும் அதே பட்டியலில் இருக்கின்றன. இந்தத் திருத்தம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்றம் உட்கார்ந்து சட்டப் புத்தகத்தில் சைக்கிளைப் பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது என்றால், இந்த நாட்டில் சைக்கிள் வெறும் வண்டி இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம், சைக்கிள் இன்று வேறொரு வேடத்தில் நம் ஊர்ப்பக்கம் வருகிறது. வார இறுதிகளில் கோவை, பெங்களூரு, சென்னையிலிருந்து மலையடிவாரங்களுக்கு மவுண்டன் பைக்குகள் வருகின்றன. தலைக்கவசம், கையுறை, கைப்பிடியில் மாட்டிய செல்பேசி. செல்பேசியில் ஒரு செயலி. டிரெயில்ஃபோர்க்ஸ், ஸ்ட்ராவா, கோமூட் என்று பல உண்டு. இவை தார்ச்சாலையைக் காட்டுவதோடு நிற்பதில்லை. ஒற்றையடிப் பாதை, வண்டித்தடம், ஓடைக்கரை, தேயிலைத் தோட்டத்துக் குறுக்குவழி எல்லாவற்றையும் கோடாகப் போட்டு, எவ்வளவு தூரம், எத்தனை மீட்டர் ஏற்றம், எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்கின்றன. முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வழி காட்டும்.

நானும் ஓட்டுகிறேன். ஆய்வு உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, பழைய வண்டி ஒன்றை 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். பொதுவழிகளையும் புறம்போக்கு நிலங்களையும் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்பவனுக்கு இது படிப்பின் நீட்சியாகவும் ஆனது. ஆகவே இந்தச் செயலிகளை வெறுத்து ஒதுக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. அவை என்ன கேட்கின்றன, என்ன கேட்பதில்லை என்று பார்க்கலாம். பிறகு நாம் அவற்றில் என்ன செய்ய வேண்டும் என்று பேசலாம்.

கடினம் யாருக்கு?

மலைப்பாதைச் செயலிகள் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கடின அளவு தருகின்றன. பச்சை என்றால் எளிது, நீலம் என்றால் நடுத்தரம், கறுப்பு வைரம் என்றால் கடினம். வட அமெரிக்காவின் பனிச்சறுக்குச் சரிவுகளிலிருந்து வந்த முறை இது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடமான ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் மவுண்டன் பைக்குக்கென்றே 0 முதல் 6 வரை ஓர் அளவுகோல் இருக்கிறது. வேர் எத்தனை, பாறை எவ்வளவு, வளைவு எவ்வளவு கூர்மை, சரிவு எவ்வளவு செங்குத்து என்று நிலத்தைப் பார்த்துக் குறிக்கிறார்கள். பாதை பொதுவா, தனியாருடையதா, நடக்க மட்டுமா என்று அனுமதியைக் குறிக்கவும் இடம் இருக்கிறது.

நல்ல முறைதான். ஆனால் இதன் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதையின் கடினம் மண்ணில் இருக்கிறது, ஆகவே எல்லோருக்கும் ஒன்றுதான் என்பது அந்த நம்பிக்கை. நம் ஊரில் அப்படி இல்லை. என் அப்பா இளைஞராக இருந்தபோது, வேலைக்குப் போக ஊர்த்தெருவைக் கடக்க வேண்டும். தெரு தொடங்கும் இடத்தில் சைக்கிளிலிருந்து இறங்குவார். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டுவார். தெரு முடியும்வரை தள்ளிக்கொண்டு போவார். கல் இல்லை, மேடு இல்லை, பள்ளம் இல்லை. எந்த அளவுகோலிலும் அது பூஜ்ஜியம். அவருக்கு மட்டும் அது ஏற முடியாத மலை.

அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்பவர்களுக்காக, என் கதையையும் சொல்கிறேன். மேற்கு மாவட்டம் ஒன்றின் மலையடிவாரத்தில், செயலி காட்டிய வண்டித்தடத்தில் போய்க்கொண்டிருந்தேன். தோட்டத்து வாசலில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் நிறுத்தி அன்பாகப் பேசினார். "ஏனுங்க தம்பி, எந்தூருங்க? தண்ணி ஏதாச்சும் வேணுங்களா?" தலைக்கவசமும் கியர் வண்டியும் எனக்குத் தற்காலிகமாக ஒரு சாதியைக் கொடுத்திருந்தன. ஊர்ப்பெயரைச் சொன்னேன். "அங்க எந்தப் பக்கமுங்க?" என்றார். சொன்னேன். அதன்பின் அவர் பேச்சில் ஒரு "ங்க" கூட வரவில்லை. "இது எங்க தோட்டத்து வழி. வந்த வழியே திரும்பிப் போயிரு."

செயலியில் அந்தப் பாதை பச்சை.

அடுத்த வாரம் அரசின் இணையதளத்தில் அந்த இடத்தின் புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தேன். வண்டிப்பாதை புறம்போக்கு என்று தெளிவாக இருக்கிறது. தோட்டத்து வழி என்பது பொய். அதைச் சுட்டிக்காட்டிக் கொடுத்த மனு, வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அந்தப் பாதை எனக்குப் பொழுதுபோக்கு. அதற்கு அப்பால் குடியிருக்கும் இருபது, இருபத்தைந்து அருந்ததியர் குடும்பங்களுக்கு அது பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் போகும் குறுக்குவழி. அவர்கள் சுற்றித்தான் போகிறார்கள்.

இருட்டு என்றால் ஆள் இல்லை என்று பொருளா?

2017 நவம்பரில் ஸ்ட்ராவா ஓர் உலக வரைபடத்தை வெளியிட்டது. பயனர்கள் ஓடிய, ஓட்டிய தடங்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதிகம் பேர் போன இடம் பிரகாசமாகவும் போகாத இடம் இருட்டாகவும் தெரியும்படி செய்திருந்தார்கள். 2018 ஜனவரியில் அது பெரும் செய்தியானது. சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளில் சுற்றிலும் இருட்டு, நடுவில் சில இடங்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. அவை வெளிநாட்டுப் படைமுகாம்கள். சிப்பாய்கள் உடற்பயிற்சிக்காக முகாமைச் சுற்றி ஓடிய தடங்கள் அவை.

ராணுவ ரகசியம் கசிந்தது என்று உலகம் பேசியது. நமக்கு அதில் வேறொரு பாடம் இருக்கிறது. இருட்டாகத் தெரிந்த இடங்களில் லட்சக்கணக்கான மக்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் நடப்பதை யாரும் பதியவில்லை, அவ்வளவுதான். பதிந்தவன் நடை மட்டும் வெளிச்சமாகிறது.

நீலகிரியையும் வால்பாறையையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். இன்று டிரெயில் என்று பெயர் பெற்றிருக்கும் தடங்களில் பலவற்றை யார் போட்டார்கள்? கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிய தோட்டத் தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பகுதி தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து மலையேற்றப்பட்டவர்கள். 1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களும் அதில் உண்டு. காட்டோரத்தில் விறகு பொறுக்கிய பெண்கள், ஆடு மேய்த்தவர்கள், தேனெடுக்கப் போன ஆதிவாசிகள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் கால் பட்டுத் தேய்ந்து உருவான தடம். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வண்டியை ஓட்டி, தடத்தைப் பதிவேற்றி, ஆங்கிலத்தில் ஒரு சாகசப் பெயரும் வைக்கிறார். அன்றிலிருந்து அது "கண்டுபிடிக்கப்பட்ட" பாதை.

இதில் பணமும் இருக்கிறது. டிரெயில்ஃபோர்க்ஸ் கனடாவில் உருவானது. உலகம் முழுவதும் சைக்கிள் ஓட்டிகள் சும்மா கொடுத்த தடங்களால் வளர்ந்தது. 2021-இல் அவுட்சைட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்று அதை முழுமையாகப் பயன்படுத்தச் சந்தா கட்ட வேண்டும். பாதையைத் தேய்த்தவர் ஒருவர், பதிந்தவர் இன்னொருவர், காசு பார்ப்பவர் மூன்றாமவர். உழைப்பின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

முகவரியே சாதி

ஸ்ட்ராவாவில் ஒரு வசதி இருக்கிறது. நாம் எங்கே கிளம்பினோம், எங்கே முடித்தோம் என்பதைக் குறிப்பிட்ட தூரம்வரை மறைத்துவிடலாம். வீடு தெரிந்தால் விலையுயர்ந்த சைக்கிளைத் திருடவும், தனியாகப் போகும் பெண்ணைப் பின்தொடரவும் முடியும் என்பதால் இப்படி ஒரு ஏற்பாடு.

என்னோடு ஆய்வு செய்யும் தோழர் ஒருவர் தன் ஊருக்குப் போனால் இந்த மறைப்பைப் போட்டுவிடுவார். அவர் வண்டியைத் திருட யாரும் மெனக்கெட மாட்டார்கள். கிளம்பிய புள்ளி தெரிந்தால் தெரு தெரிந்துவிடும். தெரு தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும். வார இறுதிக் குழுவில் உள்ளவர்களுக்கு அவர் பெயர் தெரியும், வேகம் தெரியும், தெரு மட்டும் தெரியாது. தமிழ்நாட்டில் முகவரியே சாதிச் சான்றிதழ்.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் அரசு அறிவித்ததால் செல்பேசியில் இருக்கும் வரைபடம் தானாக மாறிவிடாது. பெயர்ப்பலகையை அரசு மாற்றும். செயலியில் உள்ள பெயரை யாராவது ஒருவர் உட்கார்ந்துதான் திருத்த வேண்டும். அந்த யாராவது ஒருவர் ஏன் நாமாக இருக்கக்கூடாது?

தடையை வரைபடத்தில் போடலாமா?

இந்தச் சிக்கலைப் பேசும்போதெல்லாம் இளைய தோழர்கள் ஒரு யோசனை சொல்கிறார்கள். சாதி வெறி உள்ள ஊர்களையும் தடுக்கப்பட்ட பாதைகளையும் வரைபடத்தில் சிவப்பாகக் குறித்துவிட்டால் என்ன? போகிறவர்கள் எச்சரிக்கையாக இருப்பார்களே?

அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்த வழி எனக்கு உடன்பாடில்லை. இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, நாம் சுற்றிப் போக வேண்டும் என்பதுதான் தடுப்பவனின் கோரிக்கை. செயலியே நமக்குச் சுற்றுவழி போட்டுக் கொடுத்தால், அவன் கட்டிய சுவருக்கு நாம் சாந்து பூசிக் கொடுத்ததாகும். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் எழுந்த சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. அந்தச் சுவரைச் சுற்றிப் போக நல்ல வழி சொல்லித் தருவதற்காக யாரும் அங்கே போராடவில்லை.

இரண்டாவது, ஆபத்தான இடம் என்று குறிக்கும் கருவி யார் கையில் போகும் என்று யோசிக்க வேண்டும். 2014-இல் அமெரிக்காவில் ஸ்கெட்ச்ஃபேக்டர் என்று ஒரு செயலி வந்தது. எந்தத் தெரு "ஒரு மாதிரியானது" என்று பயனர்கள் குறிக்கலாம். கறுப்பர்களும் ஏழைகளும் வாழும் பகுதிகளை ஆபத்தானவை என்று முத்திரை குத்தும் கருவி இது என்று கடும் கண்டனம் எழுந்தது. நம் ஊரில் அப்படி ஒன்று வந்தால் முதலில் எந்தத் தெரு சிவப்பாகும்? ஆதிக்கச் சாதித் தெருவா, சேரியா? பதில் எல்லோருக்கும் தெரியும்.

அதே அமெரிக்காவில் இன்னொரு முன்னுதாரணம் இருக்கிறது. விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர் 1936-இல் ஒரு பயணக் கையேட்டைத் தொடங்கினார். கிரீன் புக் என்று பெயர். 1960-களின் நடுப்பகுதிவரை வந்தது. நிறவெறி நாட்டில் காரோட்டிச் செல்லும் கறுப்பர்களுக்கு எந்த விடுதி இடம் தரும், எந்த உணவகம் சோறு போடும், எங்கே பெட்ரோல் கிடைக்கும் என்று ஊர் ஊராகப் பட்டியல் போட்டது. எங்கே அடிப்பார்கள் என்ற பட்டியல் இல்லை. எங்கே வரவேற்பார்கள் என்ற பட்டியல். பயத்தை வரையாமல் துணையை வரைந்தார்கள். அதனால் பயணம் நின்றுபோகாமல் தொடர்ந்தது.

வரைபவர்களாக நாம்

வழிநடை உரிமை இந்த மண்ணின் மிகப் பழைய சாதி எதிர்ப்புப் போராட்டங்களில் ஒன்று. 1893-இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி வில்வண்டி பூட்டிப் பொதுச்சாலையில் ஓட்டினார். புலையர்கள் கால் வைக்கக் கூடாத சாலை அது. 1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காகப் போராட்டம் தொடங்கியது. பெரியார் போய்ச் சிறைப்பட்டார். 1925-இல் முடிந்தபோது கிழக்குத் தெரு தவிர மற்றவை திறந்தன. அதே 1924-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் பொது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். பின்னர் அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவில் சாலை என்ற சொல் இடம்பெற்றது.

சட்டம் எழுதப்பட்டும் பாதை வரவில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போக நிலத்தின் வழியே அனுமதி இல்லாததால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். நாடே அந்தக் காணொலியைப் பார்த்தது. எந்த வரைபடமும் அந்த இறக்கத்தைப் பாதை என்று சொல்லாது. இறந்த பின்னும் நமக்கு வழி இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். செயலி நடுநிலையான கருவி என்று நம்பி அதன் பின்னால் மட்டும் போகாதீர்கள். அது வசதி படைத்தவர்களின் விளையாட்டு என்று தள்ளியும் வைக்காதீர்கள். வரையும் உரிமை இன்று கையில் செல்பேசி உள்ள எவருக்கும் கிடைத்திருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்படி? ஓபன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து தொடங்கலாம். 2004-இல் தொடங்கிய அதன் தரவு இன்றும் திறந்த உரிமத்தில் இருக்கிறது. மலைப்பாதைச் செயலிகள் பலவும் அதிலிருந்துதான் வரைபடத்தை எடுக்கின்றன. ஒரு கணக்கு தொடங்கினால் போதும். உங்கள் தெருவை அதில் தேடுங்கள். பல ஊர்களில் ஊர்த்தெருக்கள் பெயரோடு இருக்கும், நம் குடியிருப்பு பெயரில்லாத வெற்றிடமாக இருக்கும். மக்கள் தாங்களே வைத்துக்கொண்ட பெயரை எழுதுங்கள். படிப்பகம், குடிநீர்க் குழாய், பஞ்சர் கடை, தேநீர்க்கடை, சுடுகாடு, அதற்கான பாதை எல்லாவற்றையும் போடுங்கள். வெளியூரிலிருந்து சைக்கிளில் வருகிறவர் தண்ணீர் குடிக்கவும் டயருக்குக் காற்றடிக்கவும் நம் தெருவுக்கு வரட்டும்.

அடுத்து, அடைக்கப்பட்ட வழிகள். புலப்படத்தில் வண்டிப்பாதை என்று இருந்து, தரையில் வேலி போட்டிருந்தால், வேலிவரை நடந்து தடத்தைப் பதியுங்கள். தேதி, நேரம், இடம் மூன்றும் அதில் இருக்கும். படம் எடுங்கள். 'அ' பதிவேட்டின் நகலை இணைத்து மனு கொடுங்கள். பத்துப் பேர் பத்து நாள் பதிந்த தடம் வெறும் வாய்வார்த்தை ஆகாது. பொதுவழியைத் தடுப்பதும் வன்கொடுமைச் சட்டப்படி குற்றம் என்பதை மனுவில் எழுதுங்கள். தனியாகப் போகாதீர்கள். அய்யன்காளியின் வில்வண்டியோடும் ஆட்கள் போனார்கள்.

ஒரு எல்லையும் உண்டு. நம் வழியை நாம் வரையலாம். ஆதிவாசிகளின் வழியை அவர்களைக் கேட்காமல் உலகத்துக்குத் திறந்துவிட நமக்கு உரிமை இல்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டின்மீது அவர்களுக்கும் அவர்கள் கிராம சபைக்கும் உரிமை தந்திருக்கிறது. செயலியில் கோடு தெரிகிறது என்பதற்காகப் புலிகள் காப்பகத்துக்குள் வண்டி விடுவது சட்டவிரோதம் மட்டுமல்ல, அத்துமீறலும்கூட. கனடாவின் யூகான் பகுதியில் கார்க்ராஸ் டாகிஷ் பூர்வகுடி இளைஞர்கள் 2006 முதல் தங்கள் மலையில் பழைய சுரங்க வழிகளைச் சீராக்கியும் புதிய தடங்களை வெட்டியும் மவுண்டன் பைக் பாதைகளை உருவாக்கினார்கள். இன்று உலகம் அங்கே வந்து ஓட்டுகிறது. எந்தத் தடம் திறப்பது என்று முடிவெடுத்த இடத்தில் அந்த மண்ணின் மக்கள் இருந்தார்கள். நீலகிரியில் இருளரும் குறும்பரும் பணியரும் கூலிக்கு வழிகாட்டிகளாக நின்றால் போதாது. முடிவெடுக்கும் இடத்திலும் இருக்க வேண்டும்.

வார இறுதியில் ஓட்டும் மற்ற சாதித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களைத் தோட்டத்து வாசலில் யாரும் நிறுத்தாததை ஊரின் விருந்தோம்பல் என்று எழுதுகிறீர்கள். அடுத்தமுறை பாதையைப் பதிவேற்றும்போது, அந்த வழியில் யார் சைக்கிளில் போகிறார்கள், யார் சுற்றிப் போகிறார்கள் என்று விசாரித்து அதையும் எழுதுங்கள். அடைபட்ட வழிக்கு மனுக் கொடுக்கும்போது கையெழுத்துப் போட வாருங்கள்.

என் மனு நிலுவையில் இருக்கும் அந்த வண்டிப்பாதையின் நீளம், செயலிக் கணக்குப்படி 1.4 கிலோமீட்டர். சைக்கிளில் ஆறு நிமிடம். அந்த இருபத்தைந்து வீட்டுப் பிள்ளைகள் சுற்றிப் போகும் வழி நாலு கிலோமீட்டருக்கு மேல். இரண்டு தடங்களையும் பதிந்து மனுவோடு இணைத்திருக்கிறோம். அடுத்த மாதம் அந்தப் பிள்ளைகளும் நாங்களும் சேர்ந்து அந்த வழியில் சைக்கிள் ஓட்டப் போகிறோம். காவல் நிலையத்துக்கும் தகவல் கொடுத்துவிட்டோம். வர விரும்புகிறவர்கள் வாருங்கள். கியர் வண்டி தேவையில்லை.